செவ்வந்தி வைக்கச் சொன்னது நான்தான்

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எண்பத்து மூன்று பேரும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்கவும். முக்கிய அறிவிப்பு. நேற்று பிற்பகல் ஈப்போவில், நம் வீட்டு முன்னறையில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் நேரடி மேற்பார்வையில், உன் அப்பாவின் கைப்பேசி எழுத்துகள் வெற்றிகரமாகப் பெரிதாக்கப்பட்டன. உயிர்ச்சேதம் ஏதுமில்லை. இனி ஒரு திரைக்கு ஏழெட்டுச் சொல்தான் கொள்ளும் என்பதால் இந்தக் கடிதம் நீளமாகத் தெரியும். அது எழுத்தின் கொழுப்பு. எழுதுகிறவனின் கொழுப்பைப் பற்றிக் கீழே வருகிறது.

தம்பி, இதைப் படித்து நீ சிரித்திருக்க மாட்டாய். பத்து நாளாக நீ சிரித்து நான் கேட்கவில்லை. தினமும் வேலை முடிந்ததும் கோலாலம்பூரிலிருந்து கூப்பிடுகிறாய். "என்னா செய்றதுன்னே தெரியலப்பா" என்கிறாய். நானும் "பாத்துக்கலாம் லா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். பெண்ணைப் பெற்ற சம்பந்தியம்மா மண்டபத்துக்குள் காலடி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். பூ அலங்காரம் செய்ய வந்த ரீட்டா வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று நீ இந்தக் குழுவிலும் போட்டாய், அவள் கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலும் போய் எழுதினாய். நான் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினேன். அந்தக் கட்டைவிரலை இப்போது மடக்கிக்கொள்கிறேன். மேடை முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகச் செவ்வந்தி வைக்கச் சொன்னவன் நான்தான். உனக்கும் தெரியாது, நீ கட்டிக்கொள்ளப் போகும் சியூ லிங்குக்கும் தெரியாது. ரீட்டாவுக்குப் போன் போட்டு நானே மாற்றச் சொன்னேன். நீ குழுவில் எழுதினாய் என்பதால் நானும் குழுவிலேயே எழுதுகிறேன். உன்னிடம் மட்டும் தனியாகச் சொன்னால் நீ என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். உன் குணம் அப்படி. ஏற்கெனவே ஒரு தடவை காப்பாற்றியும் இருக்கிறாய்.

பூ அலங்கார ஆளைத் தேடி நாம் இருவரும் கோலாலம்பூரில் அலைந்த சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். முதல் கடை பேரங்காடிக்குள் இருந்தது. அங்கிருந்த பெண், "நெசப்பூ லெச்செ அங்கிள், வாடிரும், தொல்லை" என்று சொல்லி, துணியிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த தோட்டம் ஒன்றைக் காட்டினாள். "மாப்பிள்ளையும் பிளாஸ்டிக்ல கெடைக்குமா?" என்று கேட்டேன். நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய். இரண்டாவது கடையில், தலைமுடியைக் கொண்டை போட்ட பையன் காய்ந்த புல்லைச் சாடியில் செருகி வைத்திருந்தான். "இது லாலான்தானே தம்பி?" என்றேன். "பாம்பாஸ், அங்கிள். வெளிநாட்டுல இருந்து வருது" என்றான். "லாலானுக்குப் பாஸ்போர்ட் எடுத்துட்டா பாம்பாஸா?" என்றேன். அதற்கு நீ மிதித்தது இன்னும் வலிக்கிறது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தக் களைப்புல்லை அழிக்கத்தான் உன் தாத்தா தோட்டத்தில் முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து காலம் முழுக்க நடந்தார். அதையே அவர் பேரன் கல்யாணத்தில் கும்பிட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதாகச் செந்தூலில், ஒரு கடைவீட்டின் மாடியில், ரீட்டா. பாரிட் புந்தார்க்காரி. குளிர்பெட்டிக்கு மேலே சின்னச் சிலுவை, தரையெல்லாம் வாளி, விரலெல்லாம் முள் கீறின கோடு. முதல் இரண்டு கடையிலும் உட்கார்ந்ததுமே படம் காட்டினார்கள். இவள் படத்தைத் தொடவில்லை. "பொண்ணோட அம்மாவுக்கு என்னா பூ புடிக்கும், என்னா பூ புடிக்காது? அத மொதல்ல சொல்லுங்க" என்றாள். புடிக்காதது எதற்கு என்று கேட்டேன். "புடிச்சத வெக்காட்டி மறந்துருவாங்க அங்கிள். புடிக்காதத வெச்சிட்டா கல்யாணப் படத்தப் பாக்குறப்பெல்லாம் ஞாபகம் வரும்" என்றாள். படியிறங்கும்போதே உன்னிடம் சொன்னேன், இவள்தான் என்று. நீ யோசித்துச் சொல்கிறேன் என்றாய். நான்தான் மூன்று நாள் விடாமல் அரித்து உன்னைச் சம்மதிக்க வைத்தேன். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் உன் அப்பாவை அடிக்க ஆளில்லை என்று அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அதில் இப்போதும் நான் பின்வாங்கவில்லை. தேர்ந்தெடுத்த ஆளை அவள் வேலையைச் செய்ய விட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நாளைக்கு உன் வீட்டுக்கு ஒரு தச்சனைக் கூப்பிட்டாலும், உன் பிள்ளைக்கு ஓர் ஆசிரியரைப் பிடித்தாலும், இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

சிவப்பு ரோஜா, ஆரஞ்சு ரோஜா, நடுவில் மல்லிகைச் சரம், ஓரமாகக் கொஞ்சம் ஆர்க்கிட் என்று நீ, சியூ லிங், ரீட்டா மூவரும் பேசி முடித்தீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன். பாதி பேச்சு ஆங்கிலத்தில், பாதி கைப்பேசியில். சியூ லிங் நடுநடுவே எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள், நல்ல பெண். ஆனால் யாரும் என் பக்கம் திரும்பி, "நீங்க என்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்கவில்லை. பொய் சொல்லாமல் எழுதுகிறேன், அது எனக்கு உறைத்தது. மண்டபம் உங்கள் விருப்பம், சாப்பாடு உங்கள் விருப்பம், நான் போட வேண்டிய சட்டையின் நிறம்கூட எனக்குச் செய்தியாகத்தான் வந்தது. லகாட்டுக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்துக் கோயிலில் எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்தபோது, கேமரன் மலையிலிருந்து காய்கறி லாரியில் வந்த வெள்ளைச் செவ்வந்தியும் மஞ்சள் செவ்வந்தியும்தான் மணவறை. அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் உன் கல்யாணத்துக்கும் வருகிறார்கள். அவர்கள் மேடையைப் பார்த்ததும், "ஆமாம் லா, இது நம்ம வீட்டுக் கல்யாணம்" என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசையை உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ தலையாட்டியும் இருப்பாய். ஆனால் கேட்டு வாங்குவதில் என்ன வீரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

போன் போட்டு ரீட்டாவிடம் சொன்னபோது அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அங்கிள், பொண்ணு வீடு சீனக் குடும்பம். செவ்வந்தி அவங்களுக்கு ஒத்துக்குமான்னு நீங்க கேட்டே ஆவணும்" என்றாள். ஏன் என்று நான் அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் தெரியாதவனாகிவிடுவேனே. "கேட்டாச்சி லா. சம்பந்தியம்மாவே ஓகே சொல்லிட்டாங்க" என்றேன்.

"அவங்களேவா சொன்னாங்க?"

"அவங்களேதான்."

"சியூ லிங்கிட்ட நான் ஒரு வார்த்த பேசிடட்டுமா?"

"வேணாம், வேணாம். புள்ளைங்களுக்கு இது சர்ப்ரைஸ்."

ஒரு பெண்ணின் காதில் இவ்வளவு பூவை நான் சுற்றியிருக்கிறேன், அதுவும் பூக்காரியின் காதில்.

என் குறும்பு எல்லாம் உனக்குக் கதையாகத் தெரியும். கிராணி மகன் கல்யாணக் கதையை நீயே உன் நண்பர்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், எங்களுக்கெல்லாம் குட்டி ராஜா. எனக்குப் பதினைந்து வயது. ஆற்றோரம் காய்த்திருந்த பூனைக்காலியின் சுணையைச் சுரண்டி எடுத்து, மாப்பிள்ளை மாலைக்குள் தூவிவிட்டேன். மந்திரம் முடிவதற்குள் அவர் கழுத்தைச் சொறிந்தார், முதுகைத் தூணில் தேய்த்தார். "மாப்பிள்ளைக்கு என்னா அவசரம் பாரு!" என்று பெண்கள் கேலி செய்தார்கள். இந்த இடத்தில்தான் நான் எப்போதும் கதையை நிறுத்துவேன். மிச்சத்தை உனக்குச் சொன்னதில்லை. மாலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது உன் பெரியப்பா. அவரைத்தான் பிடித்தார்கள். உன் தாத்தா எல்லார் முன்னாலும் இடுப்புப் பட்டையைக் கழற்றி அடித்தார். நான் ஐந்தடி தூரத்தில் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணே, இந்தக் குழுவில் நீங்களும் இருக்கிறீர்கள், தினமும் காலை வணக்கப் படம் போடுகிறீர்கள். யார் செய்தது என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தீர்கள். இப்போது தெரிந்திருக்கும். அடுத்த வாரம் வீட்டுக்கு வாரேன். பட்டையை எடுத்து வையுங்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மேடையில் பாதியைக் கடையிலேயே மாதிரிக்குக் கட்டிக் காட்டுகிறேன், இரண்டு வீட்டாரும் வாருங்கள் என்று ரீட்டா கூப்பிட்டிருந்தாள். சம்பந்தியம்மா நீலச் சட்டை போட்டுக்கொண்டு, நமக்காகப் பிஸ்கட் டின் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். படியேறும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள். ரீட்டா திரையை விலக்கினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படியே தோட்டத்துக் கோயில். பாராட்டு வரும் என்று நான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு திரும்பினேன். சம்பந்தியம்மா மேடையைப் பார்த்தார்கள். மகளிடம் மெதுவாகக் கான்டனீஸ் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்கள். பிஸ்கட் டின்னை வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், தனியாகப் படியிறங்கிப் போய்விட்டார்கள். என்ன ஆயிற்று என்று நான் சியூ லிங்கைக் கேட்டேன். அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "அங்கிள், இது எங்கப்பாவோட பூ" என்றாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. நீதான் புரிய வைத்தாய், ரீட்டாவைப் பார்த்துக் கத்தி.

"மூளை இருக்காங்க ஒங்களுக்கு? சீனவங்க சாவுக்கு வெக்கிற பூவ இப்படிக் கொட்டி வெச்சிருக்கீங்க! அவங்கப்பா பெட்டியச் சுத்தி இதேதான், இதே வெள்ள, இதே மஞ்ச! எங்கப்பாவக் கேளுங்க, அவரு அந்தச் சாவுக்கு வந்தாரு, பெட்டி முன்னால நின்னு மூணு தடவ குனிஞ்சி கும்புட்டாரு. அவருக்கே தெரியும். பூ விக்கிற ஒங்களுக்குத் தெரியாதா?"

ரீட்டா என்னைப் பார்த்தாள். "அங்கிள்?" என்றாள், அவ்வளவுதான். நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன். மூன்று இறக்கை. ஒன்றில் ஒட்டடை. அவள் கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு பூவாக மேடையிலிருந்து வெட்டி வாளியில் போட ஆரம்பித்தாள்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். சம்பந்தியம்மாவும் அதைத்தான் கேட்கிறார்கள். போன வியாழக்கிழமை நீ போனில் சொன்னாயே: "அப்பா, அவங்கம்மாவுக்குப் பூ மேலகூட கோவம் இல்லையாம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்களாம். அந்த அங்கிள் எம் புருசன் முன்னால வந்து நின்னவரு, அந்தப் பூவ கண்ணால பாத்தவரு, மாடியில அத மறுபடியும் பாத்துட்டு ஏன் சிரிச்சிக்கிட்டு நின்னாரு? எம் மக போவப் போற வீட்டுல எம் புருசன் சாவு அவ்ளோதானா?" இப்படிச் சொல்லிவிட்டு, "நீங்க அதிர்ச்சியில இருந்தீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்பா" என்றாய். எனக்காக நீ சொன்ன அந்தப் பொய்தான் என்னைத் தூங்க விடவில்லை. அதை அவர்கள் நம்பவும் இல்லை.

இந்தத் திங்கட்கிழமை ரீட்டா கூப்பிட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அங்கிள், ஒங்க மவன் எழுதுனதப் பாத்துட்டு ரெண்டு கல்யாணம் வேணாம்னுட்டாங்க. நீங்க செவ்வந்தி வெக்கச் சொன்ன வாய்ஸ் மெசேஜ் ஏங்கிட்ட அப்படியே இருக்கு" என்றாள். ஆமாம், போனில் பேசியது போதாதென்று, மறந்துவிடப் போகிறாள் என்று குரலையும் பதிவு செய்து அனுப்பியிருந்தேன், "மஞ்சள் செவ்வந்திய அதிகமாப் போடும்மா" என்று. "அத நான் எங்கயும் வெளிய போடல. கல்யாணத்துக்கு முன்னால அப்பனும் மவனும் அடிச்சிக்கிட்டா அந்தப் பொண்ணுக்குத்தான் சங்கடம். ஆனா வெள்ளிக்கெழம வரைக்கும்தான் பாப்பேன். எனக்கும் வயிறு இருக்கு" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒங்க ஜோக்கு எதுவும் வேணாம்" என்று வைத்துவிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் சமையலறையிலிருந்த உன் அம்மா முழுதும் கேட்டுவிட்டாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாளாக அந்தக் கேள்வியைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. சாம்பாரில் உப்பும் இல்லை.

போன் போட்டதை ஒப்புக்கொள்வது எனக்குப் பெரிய கஷ்டமில்லை, தம்பி. கிழவன் ஆசைப்பட்டுக் கெடுத்துவிட்டான் என்று நாலு பேர் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவேன். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி வரும்: சாவில் அந்தப் பூவைப் பார்த்துவிட்டு எப்படி இதைச் செய்தாய்? அதற்குப் பதில் சொன்னால், என்னைப் பற்றி நான் உனக்குச் சொல்லி வைத்ததில் ஒரு பெரிய துண்டு கழன்று விழும். பத்து நாளாக இரண்டையும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா என்னை ஈவிரக்கமில்லாதவன் என்று நினைப்பது பரவாயில்லை, நீ என்னைக் கோழை என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கணக்கு. ஒரு பெண் தன் மகள் கல்யாணத்தைப் பார்க்காமல் வீட்டில் உட்காருவாள், இன்னொரு பெண் கடையை மூடுவாள், நான் மட்டும் உன் கண்ணில் குறையாமல் இருப்பேன். இதை எழுதி, பெரிய எழுத்தில் திரும்பப் படிக்கும்போது எனக்கே கூசுகிறது.

அதனால் கேள். சியூ லிங்கின் அப்பா சாவுக்கு நான் உள்ளே போகவே இல்லை.

அவரைக் கிடத்தியிருந்த மண்டபத்துக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு காப்பிக் கடை உண்டு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சரியான நேரத்துக்குத்தான் வந்தேன். வாசலில் ஊதுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிகிறார்கள், குடும்பத்தார் பதிலுக்குக் குனிகிறார்கள். எந்தக் கையில் பிடிப்பது, எத்தனை முறை குனிவது, நெற்றியில் விபூதியோடு போகலாமா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. உன் வருங்கால மாமியார் முன்னால் தப்பாக எதையாவது செய்து, அவர்கள் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்து, நீ தலைகுனிய வேண்டி வந்தால்? ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று காப்பி குடித்தேன். கடைக்காரரிடம் கேட்டேன். மூன்று வத்தி, மூன்று தடவை குனிய வேண்டும், சுலபம் என்று சொல்லியும் கொடுத்தார். கால் எழும்பவில்லை. வாசலில் பெரிய பெரிய மலர் வளையங்கள் நின்றன. தூரத்தில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது, அவ்வளவுதான். கூட்டம் வெளியே வரும்போது சாலையைத் தாண்டி வந்தேன். நீ கண் சிவந்து வந்தாய், "வந்துட்டீங்களாப்பா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாய். அந்த நேரத்தில் காப்பி குடித்தேன் என்று எப்படிச் சொல்வது? "ம்" என்றேன். அந்தக் கூட்டத்தில் யார் உள்ளே வந்தார், யார் வரவில்லை என்று யாரும் எண்ணவில்லை. அந்த ஒரு "ம்" பிறகு கையும் காலும் முளைத்து, ஊதுவத்தி பிடித்து, மூன்று தடவை குனிந்து, சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் நடந்து போய்ப் பெருமையடித்தது. சாமியார்கூட என்னைப் பார்த்துத் தலையசைத்தார் என்று உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். சாமியார் இருந்தாரா என்பதே எனக்குத் தெரியாது.

இதை ஒன்றும் மழுப்பாமல் சம்பந்தியம்மாவிடம் சொல்லச் சொல், சியூ லிங் வாயால், அவர்கள் மொழியில். அவர்கள் கணவரின் பூவைப் பார்த்துவிட்டு நான் சிரிக்கவில்லை, அதைப் பார்க்கும் தைரியமே எனக்கு வரவில்லை என்று. ரீட்டாவைப் பற்றி எழுதியதை இன்றைக்கே எடுத்துவிடு. எடுத்துவிட்டுச் சும்மா இருக்காதே, தப்பு என் அப்பாவுடையது என்று அதே இடத்தில் எழுது. அவள் திரும்ப நம் மேடையைக் கட்டுவாளா என்பது அவள் விருப்பம். கட்டினால் நான் அந்தப் பக்கமே வர மாட்டேன், போனையும் உன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

நாளைக் காலை சம்பந்தியம்மா வீட்டுக்கு நேரில் போகிறேன். "தனியாகப் போவேன், தலை நிமிர்ந்து பேசுவேன்" என்று இந்த இடத்தில் முதலில் எழுதியிருந்தேன். உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். நானே அழித்துவிட்டேன். அவளும் வருகிறாள், தம்பி. கேட் வரைக்கும் நான் நடந்துவிடுவேன். அதற்கு மேல் அவள்தான் பின்னாலிருந்து தள்ள வேண்டும்.